வீட்டில் கட்டும் ஸ்போர்ட்ஸ் காருக்கு எந்த பாடி? ராமநாதபுரம் கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சேஸிஸ் வெல்டிங் முடிந்து, பழைய மாருதி 800 இன்ஜினும் உட்கார்ந்து, பாடி மட்டும் போட முடியாமல் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் வண்டிகளை இந்தப் பக்கம் பார்த்திருக்கிறேன். கட்டியவர்கள் வேலை தெரிந்த பையன்கள்தான். குழாய் வெட்டியது, ஒட்டியது எல்லாம் சுத்தமாக இருக்கும். அநேகமாக எல்லாருக்கும் வேலை நின்ற காரணம் ஒன்றுதான்: படத்தை முதலில் பிடித்துவிட்டு, அளவை அப்புறம் தேடியிருக்கிறார்கள்.

அதனால் இந்த வழிகாட்டி பெரும்பாலும் வரிசையைப் பற்றியது. எதை முதலில் முடிவு செய்வது, எதைக் கடைசிவரை தள்ளிப்போடுவது, ஏன் என்பதைச் சொல்கிறேன். மோல்டிலிருந்து (ஃபைபர் பாடியை வார்க்கும் அச்சு) சிரமமில்லாமல் கழன்று வருகிற, வண்டியிலிருந்து துண்டு துண்டாகக் கழற்றிக் கழுவ முடிகிற பாடிதான் உப்புக்காற்று அடிக்கும் ஊருக்குச் சரியான பாடி என்பது என் தீர்மானம். கீழே உள்ள எல்லாப் படிகளும் அங்கேதான் போய்ச் சேரும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அச்சும் சக்கரமும் பொருத்தி, தன் காலில் நிற்கிற சேஸிஸ் வேண்டும். வெறும் குழாய்ச் சட்டத்தை வைத்துக்கொண்டு பாடி யோசிக்காதீர்கள். ஸ்பிரிங் மேல் எடை உட்கார்ந்த பிறகுதான் உண்மையான உயரம் தெரியும். இன்ஜின், ஓட்டுநர், பாதி டேங்க் பெட்ரோல் ஆகியவற்றின் எடைக்கு ஈடாக மணல் மூட்டை வைத்து, அந்த நிலையில்தான் அளக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சமதளத் தரை, ரசமட்டம், தூக்குக்குண்டு, நூல், 5 மீட்டர் டேப், பெட்டிக்கடையில் கிடைக்கும் பழைய அட்டைப் பெட்டிகள், மாஸ்கிங் டேப், கொஞ்சம் 6 மி.மீ. பிளைவுட். இவ்வளவு போதும். ஃபைபர் செய்யும் ரெசின் (இறுகும் திரவப் பிசின்), மேட் (கண்ணாடி நார்ப் பாய்) எதையும் இப்போது வாங்க வேண்டாம். ரெசின் வெயிலில் கிடந்தால் தானாகவே கட்டியாகும். நம் ஊர்க் கொட்டகைகளில் அதற்கு நீண்ட ஆயுள் கிடையாது.

1. எங்கே ஓடப்போகிறது என்பதை எழுதி வையுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போகிறார்கள். தாண்டினால் பின்னால் எல்லாமே தப்பும்.

வீட்டில் கட்டிய காரைப் பதிவு செய்து பொதுச் சாலையில் ஓட்டுவது இந்தியாவில் தனி ஆளுக்கு நடக்கிற காரியம் அல்ல. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-வது விதிப்படி, ஒரு வண்டியின் மாதிரியை அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். புனேயில் இருக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. அப்படிப்பட்ட ஒன்று. அது கம்பெனிகளின் செலவுக்குக் கட்டுப்படியாகும் வேலை.

'பழைய மாருதியின் ஆர்.சி. இருக்கிறதே, அதே நம்பரில் ஓட்டிக்கொள்ளலாம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி முதலில் கொடுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. பாடியையே மாற்றினால் அந்த ஆர்.சி. உங்களைக் காப்பாற்றாது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கையை விரிக்கும். உடைத்த வண்டியின் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துவிடுங்கள்.

ஆகவே உங்கள் கார் ஓடும் இடம் சொந்த நிலம், அனுமதி வாங்கிய தனியார் இடம், இல்லையென்றால் ரேஸ் டிராக். டிராக் என்றால் கோயம்புத்தூரில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை. தனுஷ்கோடி போகிற நேர்ச்சாலை யாரையும் ஆசைப்பட வைக்கும். ஆனால் அது பொதுச் சாலை. மக்கள் போய்வரும் கடற்கரை மணலும் சட்டத்தின் பார்வையில் பொது இடம்தான்.

பாடியைத் தேர்ந்தெடுக்க இது ஏன் முக்கியம்? டிராக் என்றால் ஹெல்மெட்டுக்கு இடம், தலைக்குப் பின்னால் ரோல்பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளைகுழாய்), வண்டியை இழுக்க முன்னும் பின்னும் கொக்கி, தீயணைப்பான் வைக்க இடம் எல்லாம் பாடியில் இருந்தாக வேண்டும். மணல் கலந்த சொந்த நிலம் என்றால் தரை இடைவெளி வேண்டும். இரண்டையும் ஒரே பாடியில் திணிக்கப் பார்த்தால் இரண்டுக்கும் ஆகாது.

2. மாறாத அளவுகளைக் காகிதத்தில் இறக்குங்கள்

வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்), இடது வலது சக்கரங்களின் இடைவெளி, டயரின் வெளி விட்டம், இன்ஜினின் மிக உயரமான புள்ளி, ரேடியேட்டரின் நான்கு மூலைகள், ஸ்டீயரிங் தண்டு, பெடல்கள். இவையெல்லாம் பாடிக்காக நகராது, பாடிதான் இவற்றைச் சுற்றி வளைய வேண்டும்.

தரையில் நூல் கட்டி நடுக்கோடு போடுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் தூக்குக்குண்டு விட்டு, நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு, முன் அச்சிலிருந்து எவ்வளவு, தரையிலிருந்து எவ்வளவு என்று மூன்று எண்கள் எழுதுங்கள். வலது பக்கத்தை அளந்துவிட்டு இடதும் அப்படியே இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். கையால் வெல்டு செய்த சேஸிஸ் ஒரு பக்கம் சில மில்லிமீட்டர் இழுத்திருக்கும். அது இப்போது தெரிந்தால் பாடியில் சரிக்கட்டலாம்.

சக்கரத்தை நேராக வைத்து மட்டும் அளக்கக் கூடாது. ஸ்டீயரிங்கை இடக்கோடி, வலக்கோடி இரண்டிலும் திருப்பி, அதே நேரத்தில் ஜாக்கியால் சக்கரத்தை முழுதாக மேலே தூக்கி, டயர் எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள். அந்த இடம் முழுவதும் காலியாக இருக்க வேண்டும், அதற்கு மேல் இரண்டு விரல் அகலம் விடுங்கள். வண்டி நிற்கும்போது அழகாக ஒட்டியிருந்த மட்கார்டு, முதல் பள்ளத்தில் டயரில் உரசுவதற்குக் காரணம் இந்த அளவை எடுக்காததுதான்.

3. ஆளை உட்கார வைத்து அளங்கள்

சீட்டை வைத்து, ஓட்டப்போகிறவரே ஹெல்மெட் போட்டு உட்கார வேண்டும். ஹெல்மெட் உச்சிக்கும் ரோல்பாரின் மேல்கோட்டுக்கும் நடுவே குறைந்தது 5 செ.மீ. இருக்கட்டும். இரண்டு பேர் உட்கார, தோளுக்குத் தோள் இடிக்காமல் இருக்க, உள் அகலம் 110 செ.மீ.க்குக் குறையக் கூடாது.

கண் மட்டத்தை அட்டையில் குறியுங்கள். அங்கிருந்து நூலை முன்பக்கம் இழுத்து, பானெட்டுக்கு மேலாக எத்தனை மீட்டர் தள்ளித் தரையைத் தொடுகிறது என்று பாருங்கள். பானெட் கோடு இந்த நூலுக்குக் கீழேதான் வர முடியும். அழகுக்காக முன் மட்கார்டை உயர்த்தினால் வளைவில் சாலையின் ஓரமே தெரியாது.

ஏறி இறங்குவதையும் இப்போதே செய்து பாருங்கள். அட்டையால் பக்கச்சுவர் கட்டி அதைத் தாண்டி உள்ளே இறங்குங்கள். கதவு வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்விக்கு இங்கேயே பதில் கிடைத்துவிடும். முடிந்தவரை கதவு இல்லாத வடிவத்தையே நான் சொல்வேன். கீல், பூட்டு, ரப்பர், கண்ணாடி ஏற்றி இறக்கும் வேலை, நாலு பக்கமும் ஒரே இடைவெளி என்று கதவு ஒன்றே பாடியின் மற்ற வேலை அத்தனைக்கும் சமமான நேரத்தை விழுங்கும்.

4. கண்ணாடியும் விளக்கும் முதலில், வடிவம் பிறகு

புதியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். முன் கண்ணாடியை உங்கள் வடிவத்துக்கு ஏற்ப வளைத்துச் செய்து தருவது பெரிய செலவு. ஒரே ஒரு கண்ணாடிக்கு யாரும் ஃபர்னஸ் மோல்டு போட மாட்டார்கள். அதனால் சந்தையில் சுலபமாகக் கிடைக்கும் ஒரு காரின் லேமினேட்டட் கண்ணாடியை வாங்கி, அதைச் சட்டத்தில் நிறுத்தி, அதன் வளைவிலிருந்து பாடியின் கோட்டை இழுக்க வேண்டும். அக்ரிலிக் வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். மணல் கலந்த காற்றில் வைப்பர் ஓடினால் சீக்கிரமே கீறல் விழுந்து, எதிர்வெயிலில் ஒன்றும் தெரியாது.

விளக்கும் அப்படித்தான். ஜீப்பில் வரும் 7 அங்குல வட்ட விளக்கு எந்த ஊர் ஆட்டோமொபைல் கடையிலும் கிடைக்கும். புது மாடல் கார் ஒன்றின் ஒட்டிவைத்த ஹெட்லைட்டைச் சுற்றி முகத்தை வடிவமைத்தால், ஒன்று உடைந்தபோது ஜோடியாகத் தேடி மதுரைவரை அலைய வேண்டும்.

இன்னும் சில மறந்துபோகிற சாமான்கள்: ஸ்டெப்னி டயர், பேட்டரி, பெட்ரோல் மூடி, ஹாரன், வைப்பர் மோட்டார். ஒவ்வொன்றுக்கும் இடம் குறியுங்கள். மாருதி 800-ன் 145/70 ஆர்12 டயரே 50 செ.மீ. விட்டம் இருக்கும். அந்த வட்டம் உங்கள் பாடிக்குள் எங்கே படுக்கிறது என்று காட்டுங்கள்.

5. படத்தைச் சுருக்காதீர்கள்

இங்கேதான் மிக அதிகமான பேர் விழுகிறார்கள், அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

லம்போர்கினி அவென்டடார் போல ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதன் வீல்பேஸ் 2,700 மி.மீ., அகலம் 2,030, உயரம் 1,136. மாருதி 800-ன் வீல்பேஸ் 2,175, முன் சக்கரங்களின் நடுவிலிருந்து நடு 1,215. அசல் அகலத்திலேயே பாடி செய்தால், டயரின் பாதி அகலம் போகவும், சக்கரம் பாடியின் விளிம்பிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 33 செ.மீ. உள்ளே போய்விடும். மேசைக்கு அடியில் நாற்காலியைத் தள்ளி வைத்ததுபோல் இருக்கும்.

சரி, வீல்பேஸுக்கு ஏற்ப எல்லாவற்றையும் சுருக்கலாம் என்றால் உயரம் 915 மி.மீ.க்கு வரும். கார் சுருங்கும், ஓட்டுகிற ஆள் சுருங்க மாட்டார். 170 செ.மீ. ஆள் ஹெல்மெட்டோடு அதற்குள் உட்கார, அநேகமாகப் படுத்துக்கொள்ள வேண்டும். உடனே கூரையை மட்டும் உயர்த்துவார்கள், அதோடு வடிவம் கெட்டுவிடும்.

டயரும் ஒரு காரணம். அந்த மாதிரி கார்களின் கோடுகள் 700 மி.மீ. விட்டமுள்ள பின் டயர்களுக்காக வரையப்பட்டவை. 508 மி.மீ. டயரின் மேல் பாடியின் அதே தடித்த பக்கச்சுவர் வந்தால் வண்டி கனத்துத் தெரியும். சின்ன டயருக்குச் சின்ன, தாழ்ந்த, மெலிந்த பாடிதான் எடுக்கும். 1950, 60-களின் சிறிய பிரிட்டிஷ், இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பாருங்கள். அவற்றின் வீல்பேஸும் டயரும் நம் கையில் இருப்பதற்குப் பக்கத்தில் இருக்கும். முதல் லோட்டஸ் செவன் 2,235 மி.மீ. வீல்பேஸ்தான்.

6. நாலு வகையில் ஒன்றைப் பிடியுங்கள்

இவ்வளவுக்கும் பிறகு நிஜமாகவே கையில் மிஞ்சுவது நாலு வகை.

லோட்டஸ் செவன் மாதிரி: சக்கரங்கள் வெளியே, உடம்பு ஒல்லி, பக்கங்கள் தட்டையான தகடு. மூக்கும் மட்கார்டும் மட்டும் ஃபைபர். மோல்டு வேலை மிகக் குறைவு, முதல் காருக்கு ஏற்றது. குறை, காற்றை மோசமாகக் கிழிக்கும். அதோடு முன் சக்கரம் வாரி இறைக்கும் மணல் நேரே முகத்துக்கு வரும். இன்ஜின் முன்னாலும் அது சுழற்றும் சக்கரங்கள் பின்னாலும் இருக்கிற வண்டிக்குப் பிறந்த வடிவம் என்பதால், மாருதி 800 இன்ஜினைப் பின்னால் வைத்திருந்தால் மூக்கு காலியாகவும் முதுகு வீங்கியும் போகும்.

பக்கி மாதிரி: தொட்டி போன்ற ஒரே உடம்பு, உயர்ந்த மட்கார்டு, கதவு கிடையாது. மணல் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை. 1964-ல் கலிபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் செய்த மேங்க்ஸ் இந்த வகைக்கு முன்னோடி. அவர் ஃபைபர் படகு வேலை தெரிந்தவர் என்பது அதன் வளைவுகளிலேயே தெரியும்: எல்லாமே மோல்டிலிருந்து கழன்று வரும் வளைவுகள்.

திறந்த முழு அகல பாடி: சக்கரங்கள் பாடிக்குள், கூரை இல்லை, தாழ்ந்த கண்ணாடி. இன்ஜின் பின்னால் உள்ள வண்டிக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். முன் துண்டு, நடுத்தொட்டி, பின் துண்டு என்று மூன்றாகப் பிரியும். கதவு இல்லாமலே செய்யலாம்.

மூடிய கூப்பே: பார்க்க அழகு, காற்றுக்கும் நல்லது. ஆனால் கதவு, கண்ணாடி, ரப்பர், உள்ளே சூடு என்று எல்லாத் தொல்லையும் உண்டு. சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத மூடிய ஃபைபர் கூண்டுக்குள் ஹெல்மெட்டோடு உட்கார முடியாது. இரண்டாவது காருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

7. காற்றும் சூடும்

காற்றின் தடையை வெல்ல எவ்வளவு சக்தி போகிறது என்பது வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். செவன் மாதிரி உடம்புக்கு இழுவைக் குணகம் (வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்பதன் எண்) 0.65, முன்பரப்பு 1.4 சதுர மீட்டர் என்று எடுத்தால், 100 கி.மீ. வேகத்தில் காற்றுக்கு மட்டும் 16 குதிரைத்திறன் போகும். குணகம் 0.4, பரப்பு 1.6 உள்ள கூப்பேக்கு 11 போதும். 120 கி.மீ.யில் இதுவே 27-ம் 19-ம் ஆகிவிடும். கார்புரேட்டர் வைத்த 796 சி.சி. இன்ஜின் தருவதே 40-க்குள். வேகம்தான் குறி என்றால் இந்த வித்தியாசம் பெரிது. சின்ன டிராக்கில் வளைந்து வளைந்து ஓட்டுவதற்கு அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. எடை குறைந்தாலே போதும்.

சூடு அப்படிக் கைவிடக்கூடிய விஷயம் அல்ல. ரேடியேட்டருக்குக் காற்று உள்ளே வர வாய் வைக்க எல்லாரும் நினைக்கிறார்கள். வெளியே போக வழி வைக்க மறக்கிறார்கள். வெளிவாய் உள்வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் சூடான காற்று விரிந்திருக்கும். வெளிவாய்க்கு நல்ல இடம் பானெட்டின் முன்பாதி மேல்பக்கம், அங்கே அழுத்தம் குறைவு. கண்ணாடியின் அடிவாரத்தில் வைத்தால் அங்கே காற்று முட்டி அழுத்தம் ஏறியிருக்கும், உள்ளே போன காற்று வெளியே வராது. உள்வாயிலிருந்து ரேடியேட்டர்வரை நாலு பக்கமும் அடைத்த கூடு கட்டுங்கள். சந்து இருந்தால் காற்று ரேடியேட்டரைச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

பக்கவாட்டில் அழகுக்கு வைக்கும் ஸ்கூப், உள்ளே குழாய் எதுவும் இல்லாவிட்டால் மணலும் தண்ணீரும் சேரும் குழிதான். அதை வடிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

சாதாரண பாலியஸ்டர் ரெசின் 70 டிகிரி செல்சியஸை ஒட்டியே இளக ஆரம்பிக்கும். சைலன்சருக்கும் ஃபைபருக்கும் நடுவே 7 செ.மீ.யாவது விட்டு, அலுமினியத் தகடு மறைப்பு கொடுங்கள். கறுப்பு, கருநீலம் போன்ற நிறங்கள் நம் வெயிலில் அந்தச் சூட்டை நின்ற இடத்திலேயே எட்டிவிடும். உள்ளிருக்கும் மேட்டின் நார்த்தடம் மேலே தெரிய ஆரம்பிக்கும். வெள்ளை, மஞ்சள், இளநீலம் நல்லது. நிறமும் வடிவத் தேர்வின் ஒரு பகுதிதான். பெரிய தட்டையான பரப்பைக் கறுப்பில் மனதில் வைத்து வரைந்திருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

8. உப்பு தீர்மானிக்கும் விஷயங்கள்

காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்திருக்கிறது. அந்தக் காற்றில்தான் உங்கள் கார் நிற்கப்போகிறது.

இரும்புத் தகட்டுப் பாடியை நான் சொல்ல மாட்டேன். கைவேலையில் மடிப்புகளுக்குள் பெயின்ட் போகாது, அங்கிருந்து துரு கிளம்பும். அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி இரும்புச் சட்டத்தில் நேரடியாக ரிவெட் அடிப்பவர்கள் உண்டு. இரண்டு உலோகங்களுக்கு நடுவே உப்பீரம் நின்றால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவில் ரப்பர் பட்டையோ சீலன்ட்டோ கட்டாயம் வேண்டும்.

ஃபைபர் அரிக்காது. ஆனால் அதைப் பிடித்திருக்கும் போல்டும் உள்ளே புதைத்த இரும்புப் பட்டையும் அரிக்கும். போல்டுகளை 316 ஸ்டெயின்லெஸ்ஸில் வாங்குங்கள், 304 இந்தக் காற்றில் பழுப்புக் கறை காட்டும். புதைக்கும் பட்டையும் ஸ்டெயின்லெஸ் ஆகவே இருக்கட்டும்.

வடிவத்தில் பார்க்க வேண்டியது இது: தண்ணீர் ஊற்றினால் எங்கே தேங்கும்? ஒவ்வொரு மூடிய குழிக்கும் கீழே வடிகால் துளை உண்டா? மட்கார்டு விளிம்பு உள்பக்கம் மடிந்து மணல் தங்கும் அலமாரி ஆகிறதா? ஒவ்வொரு துண்டையும் கழற்றி, சட்டத்தில் ஓஸ் தண்ணீர் பீச்சியடிக்க முடிகிறதா? முடியாத இடத்தில் சட்டம் கண்ணில் படாமலே துருவேறும். அப்படி ஒரு இடமாவது இருக்கும் வடிவத்தைத் தள்ளிவிடுங்கள்.

ஒயரிங் செய்பவருக்கு ஒரு வார்த்தை: ஃபைபர் மின்சாரம் கடத்தாது. ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் ஒயர் வேண்டும். அது போகும் பாதையை இப்போதே குறியுங்கள்.

9. மோல்டு மேஸ்திரியிடம் வரைபடத்தைக் காட்டுங்கள்

நமக்கு இருக்கிற பெரிய வசதி இது. பாம்பன், மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டுகிற, பழுது பார்க்கிற கை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பெருநகரத்துக் கார் பைத்தியங்களுக்கு இல்லாத வசதி. ஆனால் படகு வேலைக்கும் கார் வேலைக்கும் நடுவே சில வித்தியாசங்களை நீங்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்.

முதலாவது, கழன்று வருவது. வள்ளம் மேலே அகலம், கீழே குறுகல், ஒரே இழுப்பில் மோல்டை விட்டு வரும். காரில் நாலு சக்கர வளைவுகள், உள்ளே மடியும் விளிம்புகள், முகத்தில் வாய். அனுபவமுள்ள மேஸ்திரி வரைபடத்தைப் பார்த்த உடனேயே விரலை வைத்து, "இது உள்ளே போகும் தம்பி, வெளியே வராது" என்று சொல்லிவிடுவார். அவர் சொல்கிற இடத்தில் வடிவத்தை மாற்றுங்கள், வாதாடாதீர்கள். எல்லாச் செங்குத்துச் சுவர்களுக்கும் 3 டிகிரியாவது சாய்வு கொடுங்கள். உள்மடிப்பு விளிம்பு கட்டாயம் வேண்டுமென்றால், மோல்டை இரண்டாகப் பிரித்து போல்டு போட்டுச் சேர்க்க வேண்டும். அல்லது விளிம்பைத் தனியாகச் செய்து பிறகு ஒட்டலாம்.

இரண்டாவது, தடிமன். படகுக்காரர் கை தடிமனாகவே போடும், கடல் அலைக்குப் பழகிய கை. காருக்கு 450 கிராம் மேட் மூன்று அடுக்கு, சுமார் 3 மி.மீ. போதும். ரெசின் மேட்டின் எடையைப் போல் இரண்டேகால் மடங்கு பிடிக்கும் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய நாலரை கிலோ வரும். இரண்டு சீட் காரின் மேற்பரப்பு 11 சதுர மீட்டர் என்றால் 50 கிலோ. அதையே படகு போல ஆறு மில்லிமீட்டர் போட்டால் 100 கிலோ, ஒரு ஆள் கூடுதலாக ஏறியதுபோல. அடுக்கு எண்ணிக்கையை எழுதிக் கொடுங்கள். கீல், பூட்டு, போல்டு வரும் இடங்களில் மட்டும் இன்னும் இரண்டு அடுக்கு.

மெல்லிய தட்டைப் பரப்பு படபடவென்று அடிக்கும், அலையலையாகவும் தெரியும். அதற்கு விடை தடிமன் இல்லை, வளைவு. ஒரு மீட்டர் நீளத்துக்கு 10, 15 மி.மீ. மேடு கொடுத்தாலே தகடு விறைத்துவிடும். வரைபடத்தில் நேர்கோடாக இருக்கும் ஒவ்வொன்றையும் இப்படி லேசாக வளையுங்கள்.

மூன்றாவது, பிரிவுக்கோடு. பாடியை எங்கே துண்டாக்குவது என்பதை அழகுக்கோட்டோடு சேர்த்து யோசியுங்கள். ஒரு விளிம்போ மடிப்போ இருக்கும் இடத்தில் பிரித்தால் இடைவெளி கண்ணில் படாது. வழவழப்பான மட்கார்டு முதுகின் நடுவில் பிரித்தால் ஆயிரம் பட்டி பூசினாலும் தெரியும். ஒரு துண்டு 3 சதுர மீட்டருக்குமேல் போக வேண்டாம், அதாவது 15 கிலோவுக்குள். தனி ஆள் தூக்கிக் கழற்ற முடியாவிட்டால் கழற்றிக் கழுவும் பழக்கமே வராது. முன் துண்டு கீலில் முன்பக்கம் சாய்ந்து திறக்கும் என்றால், திறக்கும்போது மூக்கின் நுனி தரையில் இடிக்கிறதா என்று அட்டையில் வெட்டிச் சுழற்றிப் பாருங்கள்.

10. சிறு மாதிரி, பிறகு முழு அளவு

பத்தில் ஒரு பங்கு அளவில் களிமண்ணில் ஒரு மாதிரி செய்யுங்கள். உள்ளே மாறாத அளவுகளைப் பிளைவுட் துண்டாக வைத்து, அதன் மேல் களிமண் பூசுங்கள். துண்டு வெளியே தெரிந்தால் வடிவம் தப்பு என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்தவர்கள் அங்கே செய்யலாம், ஆனாலும் கையில் பிடித்துத் திருப்பிப் பார்க்கும் மாதிரி தருகிற தெளிவு திரையில் கிடைப்பதில்லை.

அது பிடித்தால் முழு அளவு. 25 செ.மீ.க்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டங்களைப் பிளைவுட்டில் வெட்டி, சேஸிஸ் மேலேயே நிறுத்துங்கள். மெல்லிய மூங்கில் பட்டையை அவற்றின் மேல் ஓடவிட்டுப் பார்த்தால் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். இரண்டு, மூன்று வாரம் அப்படியே விட்டு வையுங்கள். காலை வெயிலிலும் மாலை வெயிலிலும், பக்கத்திலிருந்தும் 20 மீட்டர் தள்ளியும் பாருங்கள். பார்க்கும்போது கண்ணை உறுத்துகிற கோடு ரெசின் போட்ட பிறகு இன்னும் உறுத்தும்.

மோல்டு எடுப்பதற்கான முழு வடிவமாக (பிளக்) இதை ஆக்க, சட்டங்களுக்கு இடையே தெர்மாகோல் அடைக்கும்போது ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரின் தெர்மாகோலைக் கரைத்துவிடும். மேலே பிளாஸ்டர் பூச்சோ பேக்கிங் டேப்போ முழுதாக மூடாமல் ரெசின் ஊற்றினால் பிளக் உங்கள் கண் முன்னாலேயே குழிந்துபோகும். செலவு செய்ய முடிந்தால் பி.யூ. ஃபோம் வாங்குங்கள், அது கரையாது.

11. ரெசின் நாளைக் குறிக்கும் முன்

ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ரெசின் சரியாக ஊறாது. ஆடிக்காற்றில் பறக்கும் மணல் ஈர ஜெல்கோட்டில் (பாடியின் வெளிமேற்பரப்பாகும் ரெசின் பூச்சு) ஒட்டும். தை பிறந்ததிலிருந்து பங்குனி முடியும்வரை நல்ல காலம். அதிலும் பனி உலர்ந்த பிறகு, உச்சி வெயிலுக்கு முன் வேலையை முடியுங்கள். நண்பகலில் கலந்த ரெசின் ரோலர் உருட்டும் முன்பே கட்டியாகும். அதற்குப் பயந்து கேட்டலிஸ்ட்டை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) ஒரு சதவீதத்துக்குக் கீழே குறைத்தால் பாடி முழுதாக இறுகாமல் பிசுபிசுவென்றே நிற்கும்.

கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுதாகக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். கண்ணில் ஒரு சொட்டு தெறித்தாலும் பார்வை போகலாம். கண்ணாடி, கையுறை, ஆவிக்கான ஃபில்டர் வைத்த மாஸ்க் இல்லாமல் யாரையும் கொட்டகைக்குள் விடாதீர்கள்.

ஜெல்கோட்டுக்கு ஐசோ வகையைக் கேட்டு வாங்குங்கள், தண்ணீரையும் உப்பையும் நன்றாகத் தாங்கும். முதல் துண்டாக முகத்தையோ பின்பக்கத்தையோ எடுக்க வேண்டாம். பேட்டரி மூடி போன்ற சின்னத் துண்டை, அதே ரெசின், அதே மேட், அதே மூன்று அடுக்கில் ஊற்றிக் கழற்றி, எடை போட்டு, சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ வருகிறது என்று மேஸ்திரியோடு உட்கார்ந்து பாருங்கள். ஐந்து கிலோவுக்குள் வந்தால் அடுத்த நாள் பெரிய மோல்டுக்கு மெழுகு பூச ஆரம்பிக்கலாம்.